நாலாவது ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானில் ஒரு கார் விபத்து. நான் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முன் சக்கரம் கழன்று, தனியாக உருண்டு போய், சாக்கடை மூடிமேல் விழுந்தது.

பதறாதீர்கள். காரின் மொத்த நீளமே என் முழங்கை அளவுதான். ரிமோட் கார்!

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஞாயிறு காலையானால் ஒரு பேரங்காடியின் பின்பக்கத்து கார் பார்க்கில், ஐம்பதைத் தாண்டிய நாலைந்து ஆண்கள் கையில் ரிமோட்டோடு கத்திக்கொண்டிருப்போம். அதில் ஒருவன் நான். இன்னொருவன் நிஜாம். கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் முப்பது வருஷக் கூட்டாளி. சக்கரம் கழன்றது அவன் வண்டியில்தான்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தான். முன் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கட்டையில் ஸ்க்ரூவைக் காணோம். ஓட்டை மட்டும் இளித்துக்கொண்டிருந்தது. "யார்ரா இதப் போட்டது..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் —

"நான்தான்ணே. கண்ணாடி இல்லாம போட்டேன், கோணிருச்சு. என் தப்புதான். கொண்டாங்க, மறுபடி போட்டுத் தர்றேன்."

சொன்னது என் மனைவி ஸ்டெல்லா.

மூன்று நொடி இருக்குமா? அவ்வளவுதான். நிஜாம் சிரித்துவிட்டு தே தாரே குடிக்கப் போய்விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

'என் தப்பு' என்று சொல்ல மூன்று நொடி போதுமா? எனக்கு ஒரு தடவை மூன்று வாரம் பிடித்ததே...

இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை. கன்டெய்னர் லோரிகளுக்கு பேப்பர் எழுதித் தருவது. காலையில் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். தூங்கலாம், பேப்பர் படிக்கலாம். நான் ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருப்பேன்.

ரிமோட் கார் வைத்திருப்பவர்களின் தீராத தலைவலி எது தெரியுமா? மோட்டார் இல்லை. பேட்டரியும் இல்லை. ஸ்க்ரூ!

வண்டியின் பாதி உடம்பு பிளாஸ்டிக். ஸ்க்ரூ நேராக அந்தப் பிளாஸ்டிக்கைக் குடைந்துகொண்டு இறங்கும். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் கழற்றுவோம், துடைப்போம், மறுபடி மாட்டுவோம். பத்துத் தடவை கழற்றினால் ஓட்டை லூஸாகிவிடும். அப்புறம் ஸ்க்ரூ சும்மா சுற்றும், பிடிக்காது. நாங்கள் செய்யாத வைத்தியமா? சூப்பர் க்ளூ விட்டோம். பல் குத்தும் குச்சியை ஒடித்துச் சொருகினோம். இன்னும் தடியான ஸ்க்ரூவைப் போட்டு கட்டையையே பிளந்தோம். இரண்டு ரவுண்டு ஓடும். மூன்றாவது ரவுண்டில் சக்கரம் தனியாக ஓடும்.

அப்படி ஒரு காலையில், ரயிலில், லூஸான கட்டையைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அந்த ஓட்டையில இனிமே ஸ்க்ரூ நிக்காது."

நிமிர்ந்தேன். எதிர் சீட்டில் ஃபேக்டரி சீருடையில் ஒரு பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னச் சிலுவை.

"க்ளூ விட்டா நிக்கும்" என்றேன், கெத்து விடாமல்.

"எத்தன தடவ விட்டீங்க?"

"மூணு."

"நின்னுச்சா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேறென்ன செய்வது?

"பித்தளை இன்சர்ட் போடணும்ணே. எங்க லைன்ல நான் தினமும் அதத்தான் போடுறேன், ரேடியோ மூடிக்கு. பிளாஸ்டிக்குக்குள்ள பித்தளைய இறக்கிட்டா ஸ்க்ரூ பித்தளையிலதான் ஏறும். நூறு தடவ கழட்டலாம்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. "ஃபேக்டரியிலேர்ந்து ஒரு நாலு எடுத்துட்டு வர முடியுமா?"

முகம் மாறிவிட்டது. "அது ஃபேக்டரி சாமான். ஜாலான் பாசார் கடைங்கள்ல விக்குது. வாங்கிக்குங்க."

ஷா ஆலமில் இறங்கிப் போய்விட்டாள். காது சூடாக உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் சனிக்கிழமையே ஜாலான் பாசாருக்குப் போனேன்!

ஸ்டெல்லாவை நான் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான். என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டதை நினைவுபடுத்தினால், இன்றைக்கும் அடிக்க வருவாள்.

அடுத்த வாரமும் அதே பெட்டி, அதே சீட். வாங்கி வந்ததைக் காட்டினேன். சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். வெளியே சொரசொரப்பு, உள்ளே ஸ்க்ரூ ஏறுவதற்கான மரை. "சைஸ் சரிதான்" என்றாள். எப்படிப் போடுவது என்று வாயால் சொன்னாள், புரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கிள்ளானுக்கு வர முடியுமா என்று கேட்டேன். "அப்பாவக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

அப்பா சம்மதித்தார். ஆனால் தானும் கூடவே வந்தார்! ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசி. நிஜாம் கடையில் ஒரு மேசையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

நிஜாமுக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. "பிளாஸ்டிக்குல சூடு வைக்கப் போறீங்களா? உருகிராது?"

"உருகணும்ணே. உருகினாத்தான் புடிக்கும்."

சால்டரிங் அயர்ன் சூடானதும், ஓட்டையின் வாயில் இன்சர்ட்டை உட்கார வைத்து, அயர்ன் முனையை அதன்மேல் மெல்ல வைத்தாள். அழுத்தவேயில்லை. அயர்னின் எடை மட்டும்தான். பித்தளை சூடாகி, தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை இளக்கிக்கொண்டு, தண்ணீரில் கல் இறங்குவதுபோலத் தானாக இறங்கியது. மட்டத்துக்கு வர மயிரிழை பாக்கி இருக்கும்போதே அயர்னை எடுத்துவிட்டாள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்து அமுக்கி, வாய்க்குள்ளேயே ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். ஸ்கேலை எடுத்தால், பித்தளையும் பிளாஸ்டிக்கும் ஒரே மட்டம். விரலால் தடவினால் தட்டுப்படவில்லை.

நிஜாம் ஸ்க்ரூவை முறுக்கி, அதைப் பிடித்தே வண்டியைத் தூக்கினான். "டேய், மொத்த வண்டியும் தொங்குதுடா!" என்று கத்தினான்.

நான் வண்டியைப் பார்க்கவில்லை. பத்து வரை எண்ணிய அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பருக்கு மேலிருந்த கண்கள் என்னைப் பார்த்தன...

அதன் பிறகு நாலைந்து மாதம். இப்போது நினைத்தாலும் மனசு இனிக்கிற ஞாயிறுகள் அவை! பூசை முடிந்து அவள் வருவாள். கார் பார்க்கின் தார்ச் சூடு, பேட்டரி வாசனை, நிஜாம் கடையிலிருந்து வாழையிலையில் வரும் நாசி லெமாக். ரவாங்கிலிருந்து வருகிற சீனர்கள்கூட "மிஸ், டோலோங் லா" என்று உதவி கேட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வரிசையில் நிற்பார்கள். நான் அயர்னுக்கு வயர் இழுத்துக் கொடுப்பேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அப்போதுதான் அந்தப் பெரிய ரேஸ் வந்தது.

நிஜாமுக்கு அது வெறும் ரேஸ் இல்லை. ராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து வந்து கடை போட்ட அவன் அத்தாவுக்கு, மகன் பொம்மைக் கார் ஓட்டுவது அறவே பிடிக்காது. "பச்சப் புள்ளையாடா நீ?" என்பார். கடையை விட்டு ஒரு மணி நேரம்கூட நகராத மனிதர். அவரை எப்படியோ கெஞ்சி, 'ஒரே ஒரு தடவ வந்து பாருங்க அத்தா' என்று சம்மதிக்க வைத்திருந்தான்.

ரேஸுக்கு இரண்டு நாள் முன்னால், பயிற்சியில் முன்கட்டை உடைந்தது. புதுக் கட்டை. நாலு ஓட்டை. சனிக்கிழமை மதியம், ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்னால், ஸ்டெல்லா கடைக்கு வந்து உட்கார்ந்தாள். மூன்றைப் போட்டு முடித்தாள். மணியைப் பார்த்தாள்.

"பஸ் போயிரும். நாலாவத அப்படியே விடுங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சு நேரா வர்றேன், ரேஸுக்கு முன்னாடி போட்டுரலாம். நீங்க கை வைக்காதீங்க, என்ன?"

"சரி" என்றேன்.

நிஜாம் அப்போது சமையல்கட்டில் இருந்தான். இது எதுவும் அவன் காதில் விழவில்லை.

அவள் போனாள். அயர்ன் இன்னும் சூடாக இருந்தது. என் மூளையும்தான். அத்தனை மாதம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எனக்கு வராதா? நாளைக்கு வந்து பார்த்து அசந்துபோக வேண்டாமா?

வைத்தேன். இறங்கவில்லை. இன்னும் ஐந்து நொடி பொறுத்திருந்தால் இறங்கியிருக்கும். பொறுக்கவில்லை, அழுத்தினேன். புஸ்ஸென்று இறங்கியது... சாய்ந்து. சுற்றிலும் பிளாஸ்டிக் உதடு மாதிரி பிதுங்கிக்கொண்டு வந்தது. பிளேடால் சீவினேன். ஸ்க்ரூ கோணலாக ஏறியது, பலம் போட்டு முறுக்கினேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

மேலே பார்த்தால் தெரியாமல் போவதைத்தானே நாம் எல்லாரும் 'சரியாயிருச்சு' என்கிறோம்?

"முடிஞ்சுதாடா?" என்று கேட்டுக்கொண்டே நிஜாம் வந்தான். "முடிஞ்சுது" என்று கட்டையைக் கொடுத்தேன். யார் முடித்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் அத்தா வந்தார். வெள்ளைச் சட்டை, சொங்கோக் தொப்பி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலி ஓரமாக நின்றார். நிஜாம் அன்று ஓட்டின மாதிரி அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ரவாங் வண்டியை முதல் ரவுண்டிலேயே முந்திவிட்டான். அத்தாவின் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. கழுத்து வண்டியோடு சேர்ந்து திரும்ப ஆரம்பித்தது.

பூசைச் சேலையோடு, மூச்சு வாங்க, ஸ்டெல்லா ஓடி வந்தாள். பஸ் தாமதம்.

"அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாங்களா? நாலாவது?"

"அதெல்லாம் ஆச்சு."

"யாரு போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. கடைசி ரவுண்டு, கடைசித் திருப்பம். சக்கரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வண்டி மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ரவாங் வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டது.

அத்தா "கடையில ஆள் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் நிஜாமுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நேராக ஸ்டெல்லா முன்னால் நின்றான். "ஃபேக்டரியில பட்டன் அமுக்குற பொண்ண நம்பி வண்டியக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுதானே? எங்கத்தா முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே!"

பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். லேஸ் அவிழ்ந்திருக்கவேயில்லை.

அவள் தரையில் தேடி, கட்டையிலிருந்து பிய்ந்து விழுந்திருந்த அந்தப் பித்தளைத் துண்டை எடுத்தாள். ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. விரலால் உருட்டிப் பார்த்தாள். நான் எழுந்ததும் என் உள்ளங்கையில் வைத்தாள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அந்த மூன்று வாரத்தை எப்படி எழுதுவது? ரயிலில் எதிர் சீட் காலி. அவள் வேறு நேரத்து ரயிலுக்கு மாறிவிட்டாள். பட்டன் போனில் நாலு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். 'நலமா?' என்று ஒன்று. 'கோபமா?' என்று ஒன்று. மழையைப் பற்றி இரண்டு! சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பதிலே வரவில்லை. எப்படி வரும்?

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் நிஜாம் கூட்டை முறித்துவிடுவான். அவள் காறித் துப்புவாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்... மனசு எவ்வளவு அழகாகக் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

மூன்றாவது ஞாயிறு காலை, நிஜாம் கடைக்குப் போனேன். பசியாற வந்த கூட்டம். அவன் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தான். அத்தா முன் மேசையில்.

"நிஜாம், நாலாவது இன்சர்ட்ட ஸ்டெல்லா போடல. நான் போட்டேன்."

அவன் கை நின்றது. திரும்பவில்லை.

"கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் கேக்கல. கோணலாப் போச்சு. மறைச்சிட்டேன்."

கல்லில் ரொட்டி புகைய ஆரம்பித்தது. நிஜாம் மெல்லத் திரும்பினான்.

"ரேஸ் போனா போவுது லா. இன்னொன்னு வரும். ஆனா அந்தப் புள்ளைய அத்தன பேரு முன்னாடி என்னென்ன சொன்னேன்? நீ பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு, ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தியேடா."

அவன் அதைப் பார்த்திருக்கிறான்! அடித்திருந்தால் நிம்மதியாக வாங்கியிருப்பேன்.

அத்தா எழுந்து வந்தார். மகன் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். "ரொட்டி கருகுது. நான் பாத்துக்குறேன். ரெண்டு பேரும் போயி அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டு வாங்க."

ஃபெடரல் ஹைவே முழுக்க நிஜாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா கதவைத் திறந்தார். பூசைக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஸ்டெல்லா முன்னறைக்கு வந்தாள்.

"தங்கச்சி, நான் தெரியாம வாய விட்டுட்டேன். மன்னிச்சிரும்மா" என்றான் நிஜாம். கண் கலங்கியிருந்தது.

"பரவால்லண்ணே. உங்களுக்குத் தெரியாது, கோவத்துல பேசினீங்க" என்றாள் உடனே. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமே. மூணு வாரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"நீங்க என்னைக் கேவலமா நினைச்சிடுவீங்கன்னு."

"அத அன்னைக்கே நினைச்சிட்டேனே. அதுக்கப்புறம் எதுக்குப் பயம்?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

"நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வாய் இருக்குல்ல?"

அவள் விடவில்லை. "இங்க வந்து சொல்றது லேசு. என்னைத் திட்டினது இங்கயா? அங்க சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு சொன்னேன். கார் பார்க்கில், அத்தனை பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. சொல்லி முடித்ததும் ரவாங் சீனர் ஒருவர், "ஓகே லா போஸ். ரேஸ் ஆரம்பிக்கலாமா?" என்று மலாயில் கேட்டார்.

அவ்வளவுதான்! மூன்று வாரம் என் தூக்கத்தைத் தின்ற விஷயம், அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. தப்பைச் சொல்லும்போது வரும் வலியைவிட, சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரியும்போது வரும் வலிதான் பெரிது. இது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டெல்லா நின்றிருந்தாள். வந்து உட்கார்ந்து, "அயர்னுக்கு வயர் எங்க?" என்று கேட்டாள். ஓடினேன்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு ரேஸ். அத்தா மறுபடி வந்தார். நிஜாம் இரண்டாவதாகத்தான் வந்தான். "இதுக்கா கடையப் போட்டுட்டு வந்தேன்?" என்றார் அத்தா. ஆனால் பரிசு கொடுத்து முடியும்வரை நகரவேயில்லை.

எங்கள் கல்யாணம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது. அது பெரிய கதை. இரண்டு வீட்டிலும் நடந்த யுத்தத்தை இந்த இடத்தில் எழுதினால் ஆசிரியர் அடிப்பார்.

கல்யாணமான புதிதில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு நான் ஒத்துக்காமலே இருந்திருந்தா?"

"எங்க லைன்ல மாதிரி, ரிஜெக்ட் பெட்டியில போட்டிருப்பேன்" என்றாள், நிமிராமல்.

"இப்ப?"

"ரீவொர்க் போயிட்டிருக்கு."

வருஷம் இருபத்திரண்டு ஆகிறது. எனக்குப் பாஸ் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டவில்லை!